பிடித்திருந்த கை

ஒன்றரை வயதில், மெரிபேங்க் கிளினிக்கில்
அவன் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தது
இந்தக் கைதான்.
வலது. கட்டைவிரலில் பேட்டரி அமிலத் தழும்பு.
சரோஷ்னி வேலைக்குப் போயிருந்தாள்.
நானும் ஊசியும் கிவேஷனும்;
வேறு சாட்சி இல்லை.

அந்தக் குளிர் முடிவதற்குள்
அவனிடமிருந்த நாலு சொல்லும் போயின:
பா. பஸ். இன்னும்.
எதிர்வீட்டு நாய்க்கு அவனே வைத்த ஒரு பேர்.

ஆட்டிசம் என்றார் டாக்டர்.
நான் நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
தேடிப் புரட்டினால் எதுவும் கிடைக்கும்.
எனக்கு ஊசி கிடைத்தது.

அதற்குப் பின் அவன் குறிப்பேட்டில் முத்திரை இல்லை.
தங்கை திரியாஷா பிறந்தாள்;
அவள் கட்டங்களும் வெள்ளை.
வருஷா வருஷம் ஆடியில்
கோயில் வாசலில் கூழ்ப்பானை சுமந்தேன்,
அம்மை அண்டாமல் காப்பாற்று தாயே என்றேன்,
ஊசி வேண்டாம் என்ற அதே வாயால்.

இந்த வருஷம் பக்கத்துத் தெருவுக்கே வந்தது தட்டம்மை.
ஃபைரோஸ் வீட்டுச் சின்னவன்
பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு அலைந்தான்.
பிழைத்துவிட்டான்.
இப்போது கூப்பிட்டால்
இடது காதைத் திருப்பிக் காட்டுகிறான்.

அன்றிரவு எட்டிலிருந்து பத்தரை வரை கரண்ட் இல்லை.
ரிஃபைனரி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
சரோஷ்னி பழைய போன் ஒன்றைப் பவர் பேங்கில் சொருகி
என் மடியில் வைத்தாள்.

கிவேஷன். எட்டாம் மாதம்.
மல்லாந்து கிடக்கிறான், மேலே ஃபேன்.
கிவி, கிவி என்று கூப்பிடும் குரல் என்னுடையது.
ஐந்து தடவை. ஆறு.
டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறேன்.
ஃபேனை விட்டுக் கண் இறங்கவில்லை.
விரல்கள் இறக்கையின் வேகத்துக்குக் காற்றில் ஆடுகின்றன,
இன்று காலையும் ஆடிய அதே ஆட்டம்.
படத்துக்குள் நான் சிரிக்கிறேன்:
எஞ்சினியர் பாருடி, எஞ்சினியர்!

ஊசிக்குப் பத்து மாதம் முன்னால்.

“மசக்கையில் நான் போட்ட மாத்திரைதான் காரணம்னு
இத்தனை நாள் நெனச்சேன்” என்றாள் இருட்டில்.
ஒரே கட்டில்.
இரண்டு குற்றவாளிகள், தனித்தனி வழக்கு.

நிம்மதி வரவில்லை எனக்கு.
கையை எங்கே வைப்பதென்று தெரியாத
ஒரு கோபம்தான் வந்தது.
டாக்டர் வருஷக்கணக்காகச் சொன்னதைக் கேட்காதவன்
ஒரு நிமிடப் படத்தைக் கேட்டேன்.
அதில் பெருமை ஒன்றுமில்லை.

சனிக்கிழமை, கடைசி ஆளாக வரச் சொல்லியிருந்தாள் சிஸ்டர் ஸோட்வா.
“இவனுக்கு எதெல்லாம் ஆகாது?”
யாரும் இதுவரை கேட்காத கேள்வி.
ட்யூப்லைட் போடும் சத்தம் என்றேன்.
ஸ்பிரிட் வாசனை. சொல்லாமல் தொடுவது.
லைட்டை அணைத்தாள்.
மேஜை ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.
தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டாள்.

பழக்கத்தில் முழங்காலுக்குப் போனது என் கை.
வேண்டாம் என்று தலையசைத்தாள்.
ஒன்பது வயதுக்காரன்
ஃபேனைப் பார்த்தபடி
சட்டைக் கையைத் தானே சுருட்டினான்.
ஒரு முனகல். அவ்வளவுதான்.
அலறியது திரியாஷாதான், தன் முறை வந்தபோது,
தெருவரை கேட்க;
அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பினான்.

இரண்டு குறிப்பேட்டிலும் ஊதா மை.
திரியாஷாவுடையது காய்வதற்குள் மூடி
எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில்
கிவேஷன் பிளாஸ்டரைப் பிய்த்து
என் கட்டைவிரல் தழும்பின் மேல் ஒட்டினான்.
இதை நான் பெரிதாக்க மாட்டேன்.
பிசுபிசுப்பு அவனுக்கு ஆகாது,
பக்கத்திலிருந்தது என் கை.
வீடு வரைக்கும் எடுக்கவில்லை.